ஐசி கேட்பது ஒன்று, ஆளைக் கூட்டிக்கொண்டு போவது வேறொன்று

உங்கள் தம்பிக்கு 19 வயது. செம்பனை ஆலையில் இரவு வேலை முடிந்து, தோட்டத்து முச்சந்தியில் கூட்டாளிக்காகக் காத்து நின்றிருக்கிறான். மோட்டாரில் ரோந்து வந்த இரண்டு போலீஸ்காரர்கள் ஐசி, அதாவது அடையாள அட்டை, கேட்டிருக்கிறார்கள். ஐசி வீட்டில் இருந்தது. பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, கூட்டிக்கொண்டு போய் இரண்டரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவன் போன் பண்ணி, நீங்கள் ஐசியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் காட்டிய பிறகு, ‘சரி, போகலாம்’ என்று அனுப்பிவிட்டார்கள். ‘தப்பே செய்யாத ஒருத்தனிடம் நீ யார் என்று கேட்க போலீசுக்கு உரிமை உண்டா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்டது ஒரு கேள்விதான், ஆனால் உள்ளே இரண்டு இருக்கிறது. யார் என்று கேட்கலாமா என்பது முதலாவது. கேட்டதற்குப் பதில் கையில் இல்லை என்றால் ஆளைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்கலாமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பதில் சுலபம், ஆனால் உங்களுக்குப் பிடிக்காது. இரண்டாவதுதான் சிக்கல், உங்கள் கோபத்துக்கு நியாயம் இருப்பதும் அங்கேதான். நான் 22 வருடமாக ஈப்போ, கோலகங்சார் பக்கத்து மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் வழக்கறிஞராகக் குற்ற வழக்குகள் பார்த்து வருகிறேன். பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு லயத்து வீட்டில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். அனுபவம் முழுக்க மலேசியத் தீபகற்பத்தில்தான். சபா, சரவாக் ஆட்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஐசி. 1959-ஆம் ஆண்டு தேசியப் பதிவுச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன் கீழ் 1990-இல் வந்த விதிமுறைகள்தான் இன்றைக்கும் நடப்பில் இருப்பவை. அடையாள அட்டை கொடுக்கப்பட்ட ஒவ்வொருவரும் அதை எந்நேரமும் தன்னோடு வைத்திருக்க வேண்டும் என்று அந்த விதிமுறைகள் சொல்கின்றன. அதைக் காட்டச் சொல்லிக் கேட்கும் அதிகாரத்தை ஜேபிஎன் (தேசியப் பதிவு இலாகா) பதிவு அதிகாரி, போலீஸ், சுங்க அதிகாரி, பணியில் இருக்கும் ராணுவ வீரர் ஆகியோருக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, கேட்பதற்குச் சந்தேகம் இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. கடைக்குப் போகிறவன், கோவிலுக்குப் போகிறவன், சும்மா நிற்கிறவன், யாரிடமும் கேட்கலாம். கையில் இல்லை என்றால் அதுவே குற்றம். உச்ச தண்டனை மூன்று வருட சிறை அல்லது 20,000 ரிங்கிட் அபராதம், அல்லது இரண்டும். உடனே பயந்துவிடாதீர்கள். உச்சவரம்பு என்பது வேறு, நடப்பது வேறு. வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த உள்ளூர்ப் பையனை இதற்காக ஜெயிலுக்கு அனுப்பி நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் ‘போய் எடுத்துக்கொண்டு வா, பாலாயில் காட்டு’ என்பதோடு முடிந்துவிடும். ஆனால் அந்த ‘மூன்று வருடம்’ என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

தம்பிமார்கள் இப்போது கைப்பேசியில் அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு வந்து, ‘என்மேல் என்ன சந்தேகம், சொல்லாமல் பேரைச் சொல்ல மாட்டேன்’ என்கிறார்கள். அந்த ஊரில் அது ஓரளவுக்குச் சரி. அங்கே தெருவில் நிறுத்தவே நியாயமான சந்தேகம் வேண்டும். அப்படி நிறுத்தினால் பெயரைக் கேட்கலாம், சொல்லாவிட்டால் குற்றம் என்று ஒரு மாநிலம் சட்டம் போடலாமா என்பதே உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், போடலாம் என்று 2004-இல் நெவாடா மாநில வழக்கு ஒன்றில் தீர்ப்பானது. எல்லா மாநிலத்திலும் அப்படிச் சட்டம் கிடையாது. அந்த வசனத்தை நம் ஊர் முச்சந்தியில் எடுத்துவிட்டால் காதில் விழுவதற்கு முன் கையில் விலங்கு விழும். அது வேறு வீடு, வேறு சாவி.

நம் சட்டம் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குக் காரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் அவசரகாலம் நாடு முழுக்க வந்தது. அதே வருடத்தில்தான் 12 வயது தாண்டிய எல்லாரையும் பதிவு செய்து, படமும் கட்டைவிரல் ரேகையும் வைத்து அடையாள அட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். நோக்கம் ஒன்றுதான்: காட்டுக்குள் இருப்பவன் யார், லயத்தில் இருப்பவன் யார் என்று பிரிப்பது. காட்டுக்காரர்களுக்கும் அது தெரிந்திருந்ததால் ராத்திரியில் லயத்துக்குள் புகுந்து அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார்கள். எங்கள் பாட்டி அந்த அட்டையை அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பாராம். காட்டாவிட்டால் ஒரு கூட்டம் அடிக்கும், வைத்திருந்தால் இன்னொரு கூட்டம் அடிக்கும் என்பார். அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. அட்டை மட்டும் முடியவில்லை, முந்தின வருடமே தனிச் சட்டமாக உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கும் பிள்ளைக்கு 12 வயதானால் ஜேபிஎன் வாசலில் வரிசை பிடிக்கிறோமே, அந்த 12 அங்கிருந்து வந்ததுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நமக்கு இதைக் கொடுத்த வெள்ளைக்காரனுக்கும் அப்போது அடையாள அட்டை இருந்தது, உலகப் போர் காலத்தில் வந்தது. 1950 டிசம்பரில் வில்காக் என்ற ஒரு லண்டன்காரரை வேகமாகக் கார் ஓட்டியதற்காக நிறுத்திய போலீஸ்காரர் அட்டையைக் கேட்டார். போர் முடிந்து ஐந்து வருடமாயிற்று, காட்ட மாட்டேன் என்றார் அவர். மேல்முறையீட்டிலும் தோற்றார். ஆனால் தலைமை நீதிபதி கொடார்ட் பிரபு, போருக்காகப் போட்ட சட்டத்தை வைத்துக்கொண்டு சும்மா போகிறவனிடம் எல்லாம் அட்டை கேட்பது நல்ல மக்களையும் போலீசுக்கு எதிராகத் திருப்பிவிடும் என்று கண்டித்து, தண்டனை எதுவும் கொடுக்காமல் விட்டதை உறுதி செய்தார். 1952 பிப்ரவரியில் அங்கே அட்டையையே எடுத்துவிட்டார்கள். நம் ஊரில் அதே வருடத்தில், காட்டோரத்து மக்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த, கம்பி வேலி போட்ட புதுக்கிராமங்களின் வாசலில் அட்டையைப் பார்த்துத்தான் ஆளை உள்ளே விட்டார்கள். கொடார்ட் பிரபு சொன்னதை இங்கே வாதமாக வைத்து வெல்ல முடியாது. ஆனால் அவர் சொன்னது தப்பு என்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஐசியை விட்டுவிட்டு, வாயால் பெயரும் விலாசமும் கேட்பதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு. வாரண்ட் இல்லாமல் பிடிக்கக்கூடாத சின்னக் குற்றம் ஒன்றைப் போலீஸ்காரர் கண் முன்னே ஒருவர் செய்கிறார், அல்லது செய்ததாக அவர்மேல் குற்றம் சொல்லப்படுகிறது என்று வையுங்கள். சாதாரணமாக அந்த ஆளைப் பிடிக்க முடியாது. ஆனால் பெயர், விலாசம் கேட்கும்போது சொல்ல மறுத்தாலோ, சொன்னது பொய் என்று நம்பக் காரணம் இருந்தாலோ, அதைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் பிடித்து வைக்கலாம். உண்மையான பெயரும் விலாசமும் தெரிந்துவிட்டால் விட்டுவிட வேண்டும். தேவைப்பட்டால் நீதிமன்றத்துக்கு வருவேன் என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். தெரியாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இந்த அதிகாரம் போலீசுக்கு மட்டுமல்ல, பெங்ஹுலு எனும் ஊர்த் தலைவருக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இந்தப் பிரிவு கேட்ட மாதிரி இருக்கும். இருக்க வேண்டும், ஏனென்றால் 2024 வரை நடப்பில் இருந்த இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே வாசகம்தான் இருந்தது. இரண்டுக்கும் தாய்வீடு ஒன்று. வித்தியாசம் என்னவென்றால், இங்கே ஐசி விதிமுறை பக்கத்திலேயே பலமாக நிற்பதால் 24-ஆவது பிரிவைத் தேட வேண்டிய தேவை போலீசுக்கு அபூர்வமாகத்தான் வரும்.

அடுத்தது, பெயர், ஐசி எண், விலாசம் ஆகியவற்றைத் தாண்டிய கேள்விகள். ‘எங்கே போகிறாய், யாருக்காக நிற்கிறாய், பையில் என்ன, சம்பளம் எவ்வளவு’ என்று கேட்பார்கள். தெருவில் நின்றபடி கேட்கும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விசாரணை ஒன்று நடந்து, அதில் சாட்சியாக அதே நடைமுறைச் சட்டத்தின் 112-ஆவது பிரிவின் கீழ் வாக்குமூலம் எடுக்கும்போதுதான் பதில் சொல்லும் கடமை வருகிறது. அங்கேயும் தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்கு மறுக்கலாம். இது சட்டம். ஆனால் என் கட்சிக்காரர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம் வேறு: கூட்டாளிக்காக நிற்கிறேன் என்று சொல்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது? ‘துவான்’ என்று கூப்பிட்டு இரண்டு வார்த்தை மரியாதையாகப் பதில் சொன்னால் முக்கால்வாசி நேரம் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். வாயை மூடிக்கொள்ள வேண்டிய நேரம் வேறு. ஏதோ நடந்த குற்றத்தோடு உங்களைச் சேர்த்துக் கேட்கிறார்கள் என்று புரிந்த அந்த நிமிடத்தில், ‘லாயரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

இப்போது உங்கள் தம்பியை உட்கார வைத்த அந்தப் பெஞ்சுக்கு வருகிறேன். கையில் ஐசி இல்லாதது குற்றம், அதற்கு உச்ச தண்டனை மூன்று வருடம் என்றேன் அல்லவா? வேறு சட்டங்களின் கீழ் வரும் குற்றங்களைப் பொறுத்தவரை, மூன்று வருடமும் அதற்கு மேலும் சிறை கிடைக்கக்கூடியவை வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடியவை என்பது நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள கணக்கு. மூன்று என்பது அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. அதனால் பிடிக்கலாம் என்றுதான் வழக்கத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆக, போலீஸ் உங்கள் தம்பியைக் கைது செய்திருந்தால், அது சட்டத்துக்கு அப்பாற்பட்டது என்று நான் வாதாடப் போக மாட்டேன்.

ஆனால் அவர்கள் கைது செய்தார்களா? அதுதான் கேள்வி. கைது என்றால் அதற்கென்று கடமைகள் பின்னாலேயே வருகின்றன. அரசியலமைப்பின் 5-ஆவது விதிப்படி காரணத்தைச் சீக்கிரம் சொல்ல வேண்டும், அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துபேச விட வேண்டும், 24 மணி நேரத்துக்குமேல் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு இதை இன்னும் விரித்து, வாக்குமூலம் எடுப்பதற்கு முன்னால் சொந்தக்காரர் அல்லது நண்பர் ஒருவருக்கும், ஒரு வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல விட வேண்டும் என்கிறது. கைது இல்லை என்றால் அவன் எழுந்து போகலாம். இந்த இரண்டுக்கும் நடுவில், ‘கைதும் இல்லை, ஆனால் போகவும் கூடாது, சும்மா உட்கார்’ என்று ஒரு நாற்காலி சட்டத்தில் கிடையாது. நடப்பில் ஒவ்வொரு பாலாயிலும் உண்டு. தோட்டப்புறத்தில் நான் பார்த்த தகராறுகளில் பாதி இந்த நாற்காலியில் இருந்து வந்தவைதான். அதனால் தம்பிக்கு ஒரே ஒரு வரி கற்றுக்கொடுங்கள், மலாயில்: ‘துவான், சாயா டித்தாங்காப் கா?’ நான் கைது செய்யப்பட்டிருக்கிறேனா என்று. முறைத்துக்கொண்டு கேட்கக் கூடாது, சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்க வேண்டும். இல்லை என்றால், ‘அப்படியானால் நான் போகலாமா?’ ஆமாம் என்றால், ‘எதற்காக? வீட்டுக்குப் போன் பண்ணலாமா?’ இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்தான் பிற்பாடு என்னைப் போன்றவர்களுக்கு வழக்கில் பிடிமானம்.

உங்கள் தம்பி விஷயத்தில் என் கணிப்பு: ஐசி கேட்டது முழுக்கச் சட்டப்படி. பாலாய்க்குக் கூட்டிப்போனது சட்டத்தின் ஓரத்தில் நிற்கிறது, ஆனால் வெளியே விழவில்லை. போன் பண்ண விட்டிருக்கிறார்கள், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டரை மணி நேரம் தேவையா என்றால், தேவையில்லை. பன்னிரண்டு இலக்க எண்ணைச் சொன்னால் ஆள் யார் என்று சரிபார்க்க அவர்களுக்கு வழி இருக்கிறது. எண்ணில் முதல் ஆறும் பிறந்த தேதி, அடுத்த இரண்டும் பிறந்த இடம், பேராக்கில் பிறந்தவனுக்கு 08. தம்பிக்கு எண் மனப்பாடமாகத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றைக்கே படிக்கச் சொல்லுங்கள். ஐசியைப் போனில் படம் எடுத்து வைத்திருப்பது உதவும், ஆனால் படம் ஐசி ஆகாது. இதில் பலர் குழம்புகிறார்கள். 2023 பிப்ரவரியில் இருந்து ஓட்டுநர் உரிமத்தையும் சாலை வரியையும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் மைஜேபிஜே செயலியில் காட்டினால் போதும் என்றார்கள். அது வண்டிக் காகிதத்துக்கு. மைகாட் எனப்படும் நம் ஐசிக்கு அந்தச் சலுகை இல்லை.

கேட்பவன் போலீஸ்தானா என்று தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கும் உண்டு. சீருடையில் இருந்தால் நெஞ்சில் பெயரும் எண்ணும் இருக்கும், பார்த்து மனதில் வைத்துக்கொள்ளலாம். சாதாரண உடையில் இருந்தால் அதிகார அட்டையைக் காட்டச் சொல்லலாம். அதற்கு நிறம் உண்டு: இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவர்களும் நீலம், அதற்குக் கீழே மஞ்சள், ரிசர்வ் போலீஸ் வெள்ளை. சிவப்பு என்றால் வேலையில் இருந்து நிறுத்தி வைக்கப்பட்டவர், அவருக்கு உங்களிடம் எதையும் கேட்க அதிகாரம் இல்லை. இது சும்மா பொது அறிவு இல்லை. சம்பள நாளில் ஜாக்கெட் போட்ட இரண்டு பேர் மோட்டாரில் வந்து, ‘போலீஸ், ஐசி எடு’ என்று பர்ஸை வெளியே எடுக்க வைத்து, பர்ஸோடு பறந்துபோன கதையை ஒரே வருடத்தில் மூன்று கட்சிக்காரர்களிடம் கேட்டிருக்கிறேன். அட்டையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதும் உண்மையான போலீஸ்காரர் முகம் சுளித்தாலும் காட்டுவார். போலி ஆள் மோட்டாரை முறுக்குவான்.

அப்புறம், கேட்க அதிகாரமே இல்லாத கூட்டம் ஒன்று இருக்கிறது, தோட்டத்தில் நமக்குத் தினமும் தொல்லை கொடுப்பது அவர்கள்தான். தோட்டத்துக் காவல்கூண்டில் நிற்கும் பாதுகாவலர் ‘ஐசியைக் கொடுத்துவிட்டுப் போ, வரும்போது வாங்கிக்கொள்’ என்பார். அந்த உரிமை அவருக்குக் கிடையாது. யாராவது வெளியார் உள்ளே வருவதை நிர்வாகம் தடுக்கலாம், பெயர் எழுதச் சொல்லலாம், அது சொத்துக்காரர் உரிமை. ஐசியை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வது வேறு. ஓட்டுநர் உரிமமோ வேறு அட்டையோ காட்டுங்கள், ஐசியைக் கையை விட்டு விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். ரேலா எனும் அரசாங்கத் தொண்டர் படை ஆட்கள் பற்றியும் பழைய பயம் ஒன்று லயங்களில் இன்னும் இருக்கிறது. ஒரு காலத்தில் அவர்களுக்கு ஆளை நிறுத்திக் காகிதம் பார்த்துப் பிடிக்கும் அதிகாரம் இருந்தது உண்மை. 2012-இல் வந்த புதுச் சட்டத்தோடு அந்தக் கைது அதிகாரம் போய்விட்டது. போலீசுக்கோ குடிநுழைவு அதிகாரிகளுக்கோ துணையாக வரலாம். தனியாக வந்து லயத்துக் கதவைத் தட்டி ஐசி கேட்டால், ‘போலீஸ் எங்கே?’ என்று கேளுங்கள்.

சாலைத் தடுப்பு விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொதுச் சாலையில் தடுப்புப் போட 1967-ஆம் ஆண்டு போலீஸ் சட்டம் அதிகாரம் தருகிறது; நிற்க வேண்டும், ஓட்டுகிறவர் உரிமத்தைக் காட்ட வேண்டும், பின்னால் உட்கார்ந்திருப்பவரிடமும் ஐசி கேட்கலாம்.

உடம்பைத் தடவிச் சோதிப்பது ஐசி கேட்பதோடு ஒட்டிக்கொண்டு வரும் அதிகாரம் இல்லை. கைது, அல்லது குற்றம் பற்றிய நியாயமான சந்தேகம், இப்படித் தனிக் காரணம் வேண்டும். பெண்ணைப் பெண் காவலர்தான் சோதிக்கலாம். எங்கள் பக்கத்து இளைஞர்களுக்கு அதிகம் நடப்பது சிறுநீர்ச் சோதனை. ஐசி கேட்பதில் ஆரம்பித்து, ‘கண் சிவந்திருக்கிறதே, வா பாலாய்க்கு’ என்று முடியும். 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி, போதைப்பொருளைச் சார்ந்தவர் என்று நியாயமாகச் சந்தேகிக்கப்படும் ஆளைச் சோதனைக்காக 24 மணி நேரம் வரை வைக்கலாம். இங்கே ‘நியாயமாக’ என்ற வார்த்தைதான் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. ராத்திரி வேலை முடிந்து தூக்கம் கெட்டவன் கண்ணும் சிவப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நியாயத்தை முச்சந்தியில் நின்று வாதாடி யாரும் வென்றதில்லை, மறுத்து மல்லுக்கட்டினால் அரசாங்க ஊழியரின் கடமைக்கு இடைஞ்சல் என்று இன்னொரு கேஸ் வரும். வாதம் நீதிமன்றத்துக்கு. முச்சந்தியில் ‘எதற்காக’ என்று கேட்டு, நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் நீல ஐசி உள்ள குடிமகனுக்கு. மறந்துவிட்டு வந்தான், எடுத்து வந்து காட்டினான், முடிந்தது. எடுத்து வரவே ஒன்றும் இல்லாதவன் கதை வேறு, உங்கள் லயத்திலேயே ஒருவராவது அப்படி இருப்பார். சிவப்பு ஐசிக்காரர்கள் பரவாயில்லை, அவர்கள் நிரந்தரவாசிகள், அட்டை இருக்கிறது. தாய் தகப்பன் கல்யாணத்தைப் பதியாததால், அல்லது பிறப்பைப் பதியாமல் விட்டதால், முப்பது வயதிலும் ஒரு காகிதமும் இல்லாமல் பால் மரம் சீவியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அந்த ஒரு கேள்வியே பெரிய ஆபத்து. குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் பிடிபடும் குடிமகன் அல்லாதவருக்கு, நான் மேலே சொன்ன 24 மணி நேரம் பொருந்தாது. அரசியலமைப்பே அதை 14 நாள் என்று மாற்றி வைத்திருக்கிறது. நான் இந்த நாட்டில்தான் பிறந்தேன் என்று நிரூபிக்கும் வரை அவரும் அந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளலாம். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் பிறப்புப் பத்திரம் (இருந்தால்), பள்ளிக்கூடச் சான்று, தாயின் ஐசி நகல், ஜேபிஎன்-இல் விண்ணப்பம் கொடுத்த ரசீது, எல்லாவற்றையும் நகல் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வெளியே போகும்போது வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது ஐசிக்குப் பதில் ஆகாது. ஆனால் பாலாயில் இருக்கும் ஆள் மனது வைத்தால், இவன் நம் ஊர்க்காரன் என்று நம்ப ஒரு காரணம் கிடைக்கும்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இதே இக்கட்டு. வங்காளதேசத்துப் பையனோ இந்தோனேசியக்காரரோ நகலைக் காட்டிக்கொண்டு நிற்பார், மூலப் பாஸ்போர்ட் தோட்டத்து ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். இன்னொருவர் பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். வைத்திருந்த நிர்வாகம் மாட்டியதை நான் பார்த்தது குறைவு, வைத்துக்கொள்ள முடியாமல் போன தொழிலாளி பிடிபட்டு லாரியில் ஏறியதைப் பார்த்தது அதிகம்.

புகார் கொடுக்கலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம். போலீசுக்குள்ளேயே நேர்மைக்கும் ஒழுங்குக்குமான பிரிவு இருக்கிறது, வெளியே 2023 ஜூலையில் இருந்து போலீஸ் நடத்தைக்கான சுயேச்சை ஆணையம் செயல்படுகிறது. அடி, மிரட்டல், காசு கேட்டது, போன் பண்ண விடாதது, இவற்றில் எதாவது நடந்திருந்தால் ஒரு நிமிடம் யோசிக்காமல் கொடுங்கள் என்பேன். பெஞ்சில் காக்க வைத்ததற்கு மட்டும் என்றால் நான் கொடுக்க மாட்டேன். தேதி, நேரம், இரண்டு பேரின் பெயர், மோட்டார் எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதே ஆட்கள் அதே பையனை மறுபடியும் மறுபடியும் நிறுத்தினால், அந்த நோட்டுதான் புகாரின் முதல் பக்கம்.

ஒன்று மட்டும் உங்கள் கேள்வியில் இல்லை, அது எனக்குத் தேவை. விடும்போது தம்பியிடம் எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா? பாலாய்க்கு வந்து போனதற்குப் பதிவுப் புத்தகத்தில் வாங்கியது என்றால் கவலை இல்லை. போலீஸ் ஜாமீன் தாள் என்றால் அதில் திரும்பி வர வேண்டிய தேதி இருக்கும், அதைத் தவறவிடக் கூடாது. வாக்குமூலம் என்றால் முழுக்கக் கதை மாறிவிடும். அவனிடம் கேட்டுவிட்டு இங்கேயே எழுதுங்கள். பெயர், ஐசி எண் எதையும் போட வேண்டாம்.